கணக்கு மென்பொருள் வாங்கும் முன்: சுங்காய்ச் சிறுதொழிலர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுங்காயில் மளிகைக் கடை வைத்திருக்கிறீர்கள். அல்லது ஒரு வாகனப் பட்டறை, ஒரு சாப்பாட்டுக் கடை, தோட்டத்து வேலைகளைக் குத்தகைக்கு எடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறீர்கள். கொஞ்ச காலமாகவே யாராவது ஒருவர் உங்களிடம் கணக்கு மென்பொருளைப் பற்றிப் பேசியிருப்பார். "இனிமேல் எல்லாம் கிளவுட்தான், இப்போதே போட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருப்பார். போடலாமா, எதைப் போடுவது, போடாவிட்டால் அபராதம் வருமா என்று உங்களுக்குள் ஆயிரம் கேள்வி ஓடும்.

அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன். "இதை வாங்குங்கள்" என்று எந்த நிறுவனத்தையும் கைகாட்டப்போவதில்லை. உங்கள் தொழிலுக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்ய வழி சொல்வதுதான் நோக்கம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வையுங்கள்: எந்த மென்பொருளை எடுத்தாலும் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிளவுட் என்றால் என்ன?

பழைய கணக்கு மென்பொருள் கடையில் உள்ள ஒரு கணினிக்குள் இருந்தது. கணினி கெட்டால் கணக்கும் போனது. கிளவுட் மென்பொருளில் (இணையம் வழியாகத் திறந்து எழுதும் கணக்கு) உங்கள் கணக்கு, மென்பொருள் நிறுவனத்தின் கணினிகளில் இருக்கும். நீங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, கைப்பேசியிலோ கணினியிலோ திறப்பீர்கள். மாதமோ ஆண்டோ கட்டணம் கட்டுவீர்கள்.

இதை வங்கியில் போட்ட பணம் போல எண்ணிக்கொள்ளுங்கள். பணம் வங்கியில் இருந்தாலும் அது உங்களுடையது; ஆனால் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டால் எடுக்கலாம் என்பதைப் பொறுத்துத்தான் அது உங்களுக்குக் கிடைக்கும்.

555 புத்தகம் போதாதா?

பல கடைகளில் இன்றும் கல்லாவுக்குப் பக்கத்தில் 555 புத்தகம் இருக்கிறது. ரப்பர் தோட்டக் காலத்தில் சம்பள நாள் வரை கடன் சொல்லி வாங்கிய குடும்பங்களின் கணக்கு அதில்தான் ஏறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு அந்தப் புத்தகம் நன்றாகவே உதவும்.

ஆனால் அது சொல்லாத விஷயங்கள் மூன்று. இந்த மாதம் லாபமா நட்டமா என்று சொல்லாது. எந்தக் கடன் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது என்று தானாகக் காட்டாது. வங்கியோ வரி வாரியமோ கேட்டால், நீட்டக்கூடிய கணக்காக அது நிற்காது. தெக்குன் நேஷனலின் 'ஸ்புமி' கடனுக்கோ (இந்தியத் தொழில்முனைவோருக்கான அரசுக் கடன்) வங்கிக் கடனுக்கோ போகும்போது, தொழிலின் வரவு செலவைத் தெளிவாகக் காட்ட முடிந்தவருக்குப் பேச்சு சுலபமாகிறது.

நாளைக்கே புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கடனைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, இரவில் மென்பொருளில் ஏற்றுகிறவர்கள் உண்டு. தொடக்கத்தில் அதுவே நல்ல வழி.

இ-இன்வாய்ஸ் எனக்குக் கட்டாயமா?

இப்போது எல்லோரும் மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்தின் கணினி சரிபார்த்து ஒப்புக்கொண்ட மின்வழி விற்பனைச் சீட்டு) மலேசியாவில் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் வந்தது. 2.5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2025 ஜனவரி 1. 50 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு 2025 ஜூலை 1. 10 லட்சம் முதல் 50 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 2026 ஜனவரி 1.

ஆண்டு விற்பனை 10 லட்சம் (ஒரு மில்லியன்) ரிங்கிட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. இதற்கு முன் இந்த வரம்பு ஐந்து லட்சமாக இருந்தது. 2025 டிசம்பரில்தான் உயர்த்தினார்கள். அதற்கு முன் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தைக் காட்டி யாராவது உங்களை அவசரப்படுத்தினால், இதைச் சொல்லுங்கள்.

பத்து லட்சம் என்பது லாபமா, விற்பனையா? விற்பனை. மாதம் சுமார் 83,000 ரிங்கிட்டுக்கு விற்றால் ஆண்டில் பத்து லட்சத்தைத் தொட்டுவிடும். லாபம் குறைவான மளிகைக் கடைகூட இந்த எல்லையை எளிதில் நெருங்கும். முன்பிருந்தே நடக்கும் தொழில்களுக்கு, எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய 2022ஆம் ஆண்டுக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். அதன் பிறகு எல்லையைத் தாண்டினாலும் கடமை வரும். ஆனால் தயாராக அவகாசம் கிடைக்கும்.

"எனக்கு விலக்கு இருந்தாலும், நான் வேலை செய்யும் தோட்ட நிறுவனம் இ-இன்வாய்ஸ் கேட்டால்?" நியாயமான சந்தேகம். விலக்குப் பெற்றவர் கொடுக்கும் சாதாரண இன்வாய்ஸ் அல்லது ரசீதையே வாங்குகிறவர் செலவுக்கான சான்றாக வைத்துக்கொள்ளலாம். அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கட்டாயம் உள்ளவர் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? வருமான வரிச் சட்டப்படி ஒவ்வொரு தவறுக்கும் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். புதிதாகச் சேரும் பிரிவினருக்குத் தொடக்கத்தில் இடைக்காலச் சலுகை தருகிறார்கள். அது எந்த நாளில் முடிகிறது என்பதை வரி வாரியத்தின் தளத்தில் பாருங்கள். அல்லது ஈப்போ, தெலுக் இந்தான் கிளைகளில் நேரில் கேளுங்கள்.

அப்படியானால் மென்பொருள் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. வரி வாரியமே 'மைஇன்வாய்ஸ்' என்ற தளத்தை இலவசமாக வைத்திருக்கிறது. கைப்பேசிச் செயலியும் இருக்கிறது. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து இன்வாய்ஸ் மட்டும் போடும் குத்தகைக்காரர் அதிலேயே வேலையை முடித்துவிடலாம்.

ஆனால் அந்தத் தளம் உங்களுக்குக் கணக்கு எழுதித் தராது. சரக்குக் கையிருப்பு, கடன் பாக்கி, லாப நட்டம் எதையும் காட்டாது. இன்வாய்ஸ் எண்ணிக்கை கூடக் கூட, ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் தட்டச்சு செய்வது அலுப்பாகும், தவறும் நுழையும். இன்வாய்ஸ் நிறைய, கடன் நிறைய, சரக்கு நிறைய என்ற மூன்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் மென்பொருள் லாபம்தான். ஒன்றுமே பொருந்தாவிட்டால், இலவசத் தளமும் ஒழுங்கான ஒரு நோட்டும் போதும்.

இ-இன்வாய்ஸில் மென்பொருள் என்ன செய்து தரும்?

ஓர் உதாரணம். உங்களிடம் லாரிகள் உள்ளன. செம்பனைக் குலைகளை ஆலைகளுக்கு ஏற்றிப் போகிறீர்கள். ஆண்டு வருமானம் பத்து லட்சத்துக்கு மேல். மாத முடிவில் ஓர் ஆலைக்கு 14,000 ரிங்கிட்டுக்கு இன்வாய்ஸ் போட வேண்டும்.

மென்பொருளில் ஆலையின் பெயர், பதிவு எண், வரி அடையாள எண் (வரி வாரியம் தரும் தனி எண்) ஏற்கெனவே ஏறியிருக்கும். தொகையை எழுதி அனுப்பு பொத்தானை அழுத்தினால், அது நேராக வரி வாரியத்துக்குப் போகும். அங்கே சரிபார்த்ததும் தனி அடையாள எண் ஒன்று திரும்பி வரும். கியூஆர் குறியுடன் உங்கள் இன்வாய்ஸ் ஆலைக்குப் போகும். தொகையைக் கூடுதலாகப் போட்டுவிட்டீர்களா? 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட் (தொகையைக் குறைத்துக் கொடுக்கும் திருத்தச் சீட்டு) போட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

ஆகவே விற்பனையாளரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். இ-இன்வாய்ஸ் உங்கள் மென்பொருளிலிருந்தே போகிறதா, அதற்கு வேறு நிறுவனத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? ரத்து செய்வதும் கிரெடிட் நோட் போடுவதும் எப்படி? திரையில் செய்து காட்டச் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது.

கடைக்காரர் கேட்க வேண்டியது வேறு. வருகிற ஒவ்வொருவருக்கும் இ-இன்வாய்ஸ் தேவையில்லை. கேட்காதவர்களின் விற்பனையை மொத்தமாகச் சேர்த்து, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் ஒரே தொகுப்பு இ-இன்வாய்ஸாக அனுப்பலாம். சலுகைக் காலம் முடிந்த பிறகு, 10,000 ரிங்கிட்டைத் தாண்டும் ஒற்றை விற்பனைக்கு மட்டும் தனியாகப் போட வேண்டும். இந்தத் தொகுப்பை மென்பொருள் தானாகத் தயாரிக்கிறதா என்று பாருங்கள்.

பழைய இரும்பு வாங்குகிறவர்களே, உங்களுக்கு ஒரு கூடுதல் கேள்வி. தொழில் செய்யாத தனி ஆளிடம் பொருள் வாங்கும்போது, அவருக்குப் பதிலாக நீங்களே இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்பது விதி. இந்த வசதி எல்லாக் குறைந்த விலைத் திட்டங்களிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டு உறுதி செய்யுங்கள்.

விற்பனை வரி, சேவை வரி எனக்கு உண்டா?

மளிகைக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் விற்பனை வரி வசூலிப்பதில்லை. அது உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. சாப்பாட்டுக் கடையின் ஆண்டு வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் சுங்கத்துறையில் பதிந்து 6 விழுக்காடு சேவை வரி வாங்க வேண்டும். வாகனப் பட்டறைக்கு எல்லை ஐந்து லட்சம், விகிதம் 8 விழுக்காடு.

இந்த விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. 2015 ஏப்ரல் 1இல் ஜிஎஸ்டி 6 விழுக்காடாக வந்தது. 2018 ஜூன் 1இல் சுழியமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1இல் விற்பனை, சேவை வரி திரும்பியது. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு 8 விழுக்காடானது. ஜிஎஸ்டிக்கென்று குறுந்தட்டில் மென்பொருள் வாங்கியவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆளை அழைத்து மாற்ற வேண்டியிருந்தது. கிளவுட்டில் இந்த மாற்றங்களை நிறுவனமே செய்துவிடும். கிளவுட்டின் பெரிய நன்மைகளில் இது ஒன்று. உள்நாட்டு விதிகளை உடனுக்குடன் பார்த்து மாற்றுகிற நிறுவனமா என்பதை மட்டும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

ஆட்களின் சம்பளத்தையும் அதிலேயே போடலாமா?

போடலாம். ஆனால் பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு அவசியமில்லை. ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இரண்டுக்கும் முதலாளிகளுக்கான இலவச இணையத் தளங்கள் இருக்கின்றன. ஆறேழு பேரைத் தாண்டும்போது யோசிக்கலாம்.

சம்பளப் பகுதி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஓர் எளிய வழி. அறுபது வயதுக்குக் குறைந்த ஒரு மலேசியருக்கு 1,700 ரிங்கிட் சம்பளம் என்று போட்டுப் பாருங்கள். சேமநிதிக்கு முதலாளியின் பங்கு 221 ரிங்கிட், ஊழியரின் பங்கு 187 ரிங்கிட் என்று வர வேண்டும். அடுத்து ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியைச் சேருங்கள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் இரு தரப்பும் தலா 2 விழுக்காடு செலுத்த வேண்டும். அதைக் கேட்காமலே கணக்கிட்டால், நிறுவனம் விதிகளைக் கவனித்துவருகிறது என்று அர்த்தம். இந்தச் சந்தாக்களை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். நினைவூட்டல் வருகிறதா என்றும் பாருங்கள்.

சந்தையில் என்னென்ன இருக்கின்றன?

மலேசியாவில் பல ஆண்டுகளாகப் புழங்கும் ஆட்டோகவுண்ட், எஸ்கியூஎல் அக்கவுண்ட் போன்றவை உண்டு. கணக்காளர்கள் பலருக்கு இவை பழக்கமானவை. சிறுதொழிலுக்கென்றே இணையத்தில் பிறந்த புக்கு, பைனான்சியோ, பிஸ்டோரி போன்ற உள்நாட்டு மென்பொருள்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து நியூசிலாந்தின் ஜீரோ, தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் 'சோஹோ புக்ஸ்' ஆகியவை வருகின்றன.

எதில் தொடங்குவது? உங்கள் கணக்காளரிடமிருந்து தொடங்குங்கள். ஆண்டு முடிவில் கணக்கை முடித்துக் கொடுப்பவர் அவர்தான். அவருக்குத் தெரியாத மென்பொருளில் ஆண்டு முழுக்க எழுதிவிட்டுக் கொடுத்தால், திரும்ப எழுதும் கூலியையும் உங்களிடம்தான் கேட்பார். "உங்களால் எவற்றை நேரடியாகத் திறந்து பார்க்க முடியும்?" என்று கேட்டு, அவர் சொல்லும் இரண்டு மூன்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நிறுவனச் செயலாளர், வரி முகவர் என்று பலர் அதே கணக்கைப் பார்ப்பார்கள்.

தனி ஆளாகத் தொழில் செய்து, படிவம் பி-யை நீங்களே நிரப்புகிறவர் என்றால் உங்களுக்குத் தெரிவு அதிகம். எளிதாகப் புரிவதை எடுங்கள்.

தமிழில் எழுதலாமா?

திரையில் உள்ள பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம், மலாய், சீனத்தில் இருக்கும். பொருளின் பெயரையோ வாடிக்கையாளரின் பெயரையோ தமிழில் எழுத முடிகிறதா என்று நீங்களே சோதித்துவிடலாம். "கொத்தமல்லி" என்று எழுதி, ஓர் இன்வாய்ஸ் போட்டு, அச்சிட்டுப் பாருங்கள். திரையில் சரியாகத் தெரிந்தாலும், தாளில் கட்டம் கட்டமாக வரலாம். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். அப்படி வந்தால் உள்குறிப்புகளுக்கு மட்டும் தமிழை வைத்துக்கொள்ளுங்கள். வரி வாரியத்துக்குப் போகும் சீட்டில் மலாயோ ஆங்கிலமோ இருப்பதே பாதுகாப்பு.

மொழியைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் கணக்கை ஏற்றப்போகிறவர் யார்? அம்மாவா, மகனா, கல்லாவில் உட்காரும் பெண்ணா? அவரையே பக்கத்தில் உட்காரவைத்துச் சோதியுங்கள். அவருக்குக் கை வராத மென்பொருள், எவ்வளவு சிறந்ததானாலும், மூன்றாம் மாதம் தூங்கிவிடும்.

இணையம் நின்றுபோனால்?

இணையம் இல்லாதபோது கிளவுட் கணக்கு திறக்காது. சுங்காய்ப் பட்டணத்தில் பரவாயில்லை. உள்ளே தோட்டங்களுக்குப் போனால் கைப்பேசி அலை கிடைக்காத இடங்கள் உண்டு. கல்லா இயந்திரம் இணையமின்றியும் பில் போட்டு, இணைப்பு வந்ததும் தானாக ஏற்றுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையின் இணைப்பு ஒரு நிறுவனத்துடையது என்றால், கைப்பேசி இணைப்பு வேறு நிறுவனத்துடையதாக இருப்பது நல்லது.

உண்மையில் எவ்வளவு செலவாகும்?

விளம்பரத்தில் போட்டிருக்கும் மாதக் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று ஆண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள். மாதம் 60 ரிங்கிட் என்பது மூன்று ஆண்டில் 2,160 ரிங்கிட். அதோடு முதல்முறை அமைத்துத் தரும் கட்டணம், பயிற்சிக் கட்டணம், இரண்டாவது பயனருக்கான கட்டணம், சம்பளப் பகுதி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இ-இன்வாய்ஸ் போனால் வரும் கூடுதல் கட்டணம் எல்லாம் சேரும். சொன்ன விலையில் 8 விழுக்காடு சேவை வரி அடங்குமா என்றும் கேளுங்கள். அமெரிக்க டாலரில் கட்டணம் என்றால், ரிங்கிட் இறங்கும்போது உங்கள் செலவு ஏறும்.

முதல் ஆண்டுக் கழிவு முடிந்தபின் இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் சிறுதொழில் மின்னியல் மானியத்தில் செலவில் பாதியை, 5,000 ரிங்கிட் வரை, பிஎஸ்என் வங்கி வழியாகக் கொடுத்திருக்கிறார்கள். நிதி இருக்கும்போதுதான் விண்ணப்பம் திறக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

கணக்கு யார் பெயரில் திறக்கப்படுகிறது?

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கணக்கு தெரியாது, ஆங்கிலம் வராது என்ற தயக்கத்தில் பலர், "நீங்களே எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முகவரிடமோ தெரிந்த பையனிடமோ விட்டுவிடுகிறார்கள். அவர் தன் மின்னஞ்சலைப் போட்டு, தன் கைப்பேசி எண்ணைப் போட்டுக் கணக்கைத் திறக்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் ஊர் மாறினாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, கட்டணத் தகராறு வந்தாலோ, உங்கள் தொழிலின் முழுக் கணக்கும் இன்னொருவரின் பூட்டுக்குள் இருக்கும். வரி வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்போதும் நீங்கள்தான்.

செய்ய வேண்டியது இதுதான். தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று திறங்கள். அதைக் கொண்டு, எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிந்த பெயரில், மென்பொருளில் உரிமையாளராக நீங்கள் பதிவு செய்யுங்கள். முகவரைத் தனிப் பயனராகச் சேருங்கள். எல்லா நல்ல மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. அவர் எல்லா வேலையும் செய்யலாம். உங்களை வெளியேற்ற மட்டும் அவரால் முடியாது. மைஇன்வாய்ஸ் தளத்திலும் இதே ஒழுங்கு வேண்டும்: நுழைவு உங்களுடையது, முகவர் உங்கள் சார்பில் நியமிக்கப்பட்டவர்.

கல்லாவில் இருப்பவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுங்கள். பில் போடலாம், பில்லை அழிக்க முடியாது என்று அமைத்துவிடுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்பது) தவறாமல் போட்டுவிடுங்கள்.

அந்த நிறுவனமே மூடிவிட்டால்?

நடக்காது என்று நினைக்காதீர்கள். கனடாவில் 'பெஞ்ச்' என்ற நிறுவனம், ஆயிரக்கணக்கான சிறுதொழில்களுக்கு இணையம் வழியாகக் கணக்கு எழுதிக் கொடுத்துவந்தது. 2024 டிசம்பர் 27 அன்று எந்த முன்னறிவிப்புமின்றிச் சேவையை நிறுத்தியது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் பார்த்து வாடிக்கையாளர்கள் தவித்துப்போனார்கள். சில நாளில் வேறொரு நிறுவனம் அதை வாங்கியதால் நிலைமை ஓரளவு சமாளிக்கப்பட்டது. இந்தியாவில், உலகப் பெயர் பெற்ற குவிக்புக்ஸ் 2023இல் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. அங்கே முன்னறிவிப்பு கொடுத்தார்கள். ஆனாலும் எல்லோரும் கணக்கை இடம் மாற்றியே ஆக வேண்டியிருந்தது.

மலேசியச் சட்டப்படி தொழில் கணக்கையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். மென்பொருள் நிறுவனம் மூடிவிட்டது என்பது வரி வாரியத்திடம் சொல்லும் காரணமாகாது. ஆகவே மாதம் ஒருமுறை முழுக் கணக்கையும் வெளியே இறக்கிக்கொள்ளுங்கள். எக்செல் கோப்பாக ஒன்று, பிடிஎஃப் (எளிதில் மாற்ற முடியாத அச்சுப் பக்கம்) ஆக ஒன்று. ஒரு பிரதி கடைக் கணினியில், இன்னொன்று வீட்டில் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும்.

வாங்கும் முன்பே கேளுங்கள்: "சந்தாவை நிறுத்திய பிறகு என் பழைய கணக்கை எத்தனை நாள் பார்க்கலாம்? எல்லா விவரத்தையும் நானே இறக்க முடியுமா, உங்களிடம் பணம் கட்டிக் கேட்க வேண்டுமா?" தெளிவான பதில் வராத இடத்தில் வாங்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் எப்படிச் சோதிப்பது?

பெரும்பாலான மென்பொருள்களை இலவசமாகச் சில நாள் பயன்படுத்திப் பார்க்க விடுவார்கள். அந்த நாட்களில் கற்பனைக் கணக்கு போடாதீர்கள். போன வாரத்து உண்மையான பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு நாள் ரொக்க விற்பனையை ஏற்றுங்கள். அடுத்து ஒரு கடன் விற்பனை: ஒரு குடும்பம் 186.40 ரிங்கிட்டுக்குச் சாமான் வாங்கி, சம்பள நாளில் 100 ரிங்கிட் மட்டும் கட்டுகிறது. மீதி 86.40 அவர்கள் பெயரில் நிற்கிறதா, எத்தனை நாள் பாக்கி என்று தெரிகிறதா, வாட்ஸ்அப்பில் கணக்கை அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். பிறகு மொத்த வியாபாரியின் பில் ஒன்றை ஏற்றுங்கள். வங்கியில் வந்த பணத்தோடு கணக்கை ஒத்துப் பாருங்கள். லாப நட்டப் பக்கத்தைத் திறந்து, உங்கள் மனக்கணக்கோடு ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக முழுவதையும் எக்செல்லில் இறக்குங்கள்.

உதவி எண்ணுக்கும் ஒருமுறை அழையுங்கள். சனிக்கிழமை மாலை அழைத்துப் பார்த்தால், பிரச்சினை வரும்போது யார் எடுப்பார்கள் என்று தெரிந்துவிடும். மலாயிலோ தமிழிலோ பொறுமையாக விளக்குகிறார்களா என்பதும் தெரியும்.

எப்போது மாறுவது நல்லது?

தனி ஆள் தொழிலுக்கு வரிக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஜனவரி 1இல் தொடங்கினால் ஒரே ஆண்டில் இரண்டு கணக்குகளை ஒட்டும் வேலை இருக்காது. ஆண்டின் நடுவில் மாற வேண்டியிருந்தால் மாதத்தின் முதல் நாளில் மாறுங்கள். அன்றைய கையிருப்புப் பணம், வங்கி இருப்பு, சரக்கின் மதிப்பு, வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன் என்ற ஐந்தையும் எழுதி முதல் பதிவாக ஏற்றுங்கள். முதல் இரண்டு மாதம் பழைய புத்தகத்தையும் கூடவே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் புதியதை நம்பலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று. உங்கள் 2022ஆம் ஆண்டு விற்பனையையும் அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டின் விற்பனையையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். இ-இன்வாய்ஸ் கட்டாயமா இல்லையா என்பது தெரிந்துவிடும். கணக்காளரைக் கூப்பிட்டு அவருக்குப் பழகிய மென்பொருள்களின் பெயரைக் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது மென்பொருள் வைத்திருந்தால், உரிமையாளர் என்ற இடத்தில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றே திறந்து பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால், புதிது வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.